எட்டு கம்பி, நாலு ஜோடி, ஒரு மாமா

அந்தக் காலத்தில் ஆபீசுக்கு மட்டம் போட ஒரு பாட்டி தேவைப்பட்டாள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரே பாட்டியை நாலு தடவை சாகடித்தார். ஐந்தாவது தடவை மேனேஜர் லீவ் லெட்டரைப் படித்துவிட்டு, "பாட்டி ரொம்பத்தான் கஷ்டப்படறாங்க. நல்ல டாக்டரா பாருங்க" என்றார்.

இப்போது பாட்டிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். 'நெட் போச்சு' என்று இரண்டே வார்த்தை போதும். மீட்டிங்கில் பாஸ் ஏதாவது எக்குத்தப்பாகக் கேட்டால் சட்டென்று சிலையாகி, "ஹலோ... ஹலோ... கேக்குதா..." என்று சொல்லிவிட்டு மறைந்துபோகும் வித்தையைப் பலர் கற்று வைத்திருக்கிறார்கள். (உங்களைச் சொல்லவில்லை சார்!)

அதனால்தான் என் அக்கா மகன் வந்து, "மாமா, நெட் போச்சு மாமா" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். இந்த வாரம் அந்தக் கதைதான். நடுவில் கொஞ்சம் விஞ்ஞானமும் வரும். பயப்படாதீர்கள், எல்லாம் எட்டு கம்பிக்குள் முடிந்துவிடும்.

* * *

பையனுக்கு 23 வயசு. ஊர் கும்பகோணம். அப்பா இல்லை. அக்கா தையல் மெஷினை மிதித்தே அவனைப் படிக்கவைத்தாள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாசம் ப்ரொபேஷன். முதல் நாலு மாசம் ஆபீசில் ட்ரெயினிங். நல்ல பெயர். அப்புறம் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டு மொட்டை மாடி ரூமை அவனுக்குக் கொடுத்தேன். வாடகை கிடையாது. அறிவுரை மட்டும் உண்டு.

ரவுட்டர் இருப்பது கீழே ஹாலில். வைஃபை, மாடிப்படி பாதி வரை ஏறிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு கான்க்ரீட் தளத்தைத் தாண்டுவது அதற்கும் சிரமம்தான். சரி என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஹாலிலிருந்து மாடி ரூம் வரை 25 மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டியாயிற்று. லைட் எரிந்தது. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பையன் தொங்கிய முகத்தோடு கீழே வந்தான்.

"மாமா, கம்பெனியிலேர்ந்து மெயில் வந்திருக்கு."

படித்தேன். இரண்டு வாரத்தில் மூன்று முறை, வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பிலிருந்து காணாமல் போயிருக்கிறான். வரும் வியாழன் ராத்திரி முக்கியமான டெமோ. அதிலும் இப்படி நடந்தால் வேலையில் நீடிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று நாகரிகமான இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். நாகரிகமான இங்கிலீஷ் எப்போதுமே ஆபத்து.

"என்னடா இது?"

"நெட் போகுது மாமா. நல்லா பேசிட்டே இருக்கேன், திடீர்னு குரல் உடையுது, படம் நின்னுடுது. செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாத்தேன், ரூமுக்குள்ள சிக்னல் நிக்கலை."

"நெட் போகலைடா. உன் கவனம்தான் போகுது. முந்தாநாள் உன் ரூம்ல உக்காந்து நான் ஒரு முழு வடிவேலு காமெடி பாத்தேன். ஒரு இடத்துல நிக்கலை. உனக்கு மட்டும் எப்படிடா நிக்கும்? ஆபீஸ்ல இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்தே. கேக்க ஆளில்லைன்னதும்..."

பையன் ஒன்றும் பேசவில்லை. மாடிக்குப் போய்விட்டான். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேலே எடுத்துப் போய், அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அவனைத் திட்டறதுக்கு முன்னாடி அந்த வயரைப் பாத்தீங்களா?"

பாக்கவில்லை. வக்கீல் வாதம் எல்லாம் முடித்துவிட்டேன்; சாட்சியை விசாரிக்கவே இல்லை.

* * *

சரி, விசாரணை ஆரம்பம். நம் எல்லாருக்கும் தெரிந்த முதல் வைத்தியம், ரவுட்டரை அணைத்துப் போடுவது. கஸ்டமர் கேரில் எந்த வியாதிக்கும் இந்த ஒரே மாத்திரைதான். இதில் விஷயம் இல்லாமலும் இல்லை. ரவுட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். நாள் கணக்கில் ஓடினால் அதன் ஞாபகத்தில் குப்பை சேரும். அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். (இந்த வசதி மனைவிகளிடம் கிடையாது.) ஆனால் அணைத்து, அரை நிமிஷமாவது காத்திருந்து போட வேண்டும்.

போட்டோம். பயனில்லை.

அடுத்து, ஃபைபர் வந்து சேரும் டப்பாவில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் தெருவிலிருந்து வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபரில் வருவது மின்சாரம் அல்ல, ஒளி. சிவப்பு எரிந்தால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை, கம்பெனிக்கு போன் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். எங்கள் வீட்டில் சிவப்பு எரியவில்லை.

ஆனாலும் புகார் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு இளைஞர் வந்தார். தன் லேப்டாப்பை ஒரு மீட்டர் கேபிளால் நேராக ரவுட்டரில் சொருகினார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. "எங்க சைடு ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அவர் ஒரு பெரிய பாடத்தை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனது புரிந்தது. கோளாறைத் தேடும்போது முதலில் அதை இரண்டாக வெட்ட வேண்டும். வெளியிலா, உள்ளேயா? ரவுட்டர் பக்கத்தில் நன்றாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கிறது. பாதி உலகம் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுதலை!

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை பையனைக் கூப்பிட்டேன். வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை மட்டும் பார்த்தான்.

"பிங் பண்ணிப் பாக்கலாம் மாமா."

பிங் என்பது ஒரு குட்டி புரோகிராம். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், இதே மாதிரி ஒரு நெட்வொர்க் தகராறைப் பிடிக்க எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் 'பிங்' என்று ஒலி எழுப்பி, எதிரொலி வருகிறதா என்று கேட்குமே, அந்தச் சத்தம்தான் பெயர். நாம் ஒரு கல்லை எறிகிறோம். எதிர்ப்பக்கம் திருப்பி எறிய வேண்டும். எத்தனை எறிந்தோம், எத்தனை திரும்பியது, எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று கணக்குச் சொல்லும். விண்டோசில் கறுப்புத் திரையைத் திறந்து அடித்தால் போதும், ஓசி.

இதைப் படிப்படியாக ஏற வேண்டும். முதல் படி 127.0.0.1. அது உங்கள் கம்ப்யூட்டரே. தன் கன்னத்தில் தானே தட்டிப் பார்த்துக்கொள்வது. இரண்டாம் படி ரவுட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மூன்றாம் படி வெளியுலகம். கூகுளின் 8.8.8.8-ஐக் கூப்பிடலாம். நான்காம் படி, நம்பர் இல்லாமல் ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயர். நம்பருக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கேபிள்மேல் தப்பில்லை. பெயரை நம்பராக மாற்றிச் சொல்லும் டெலிபோன் டைரக்டரிதான் (டி.என்.எஸ். என்பார்கள்) மக்கர் பண்ணுகிறது. எந்தப் படியில் கால் வழுக்குகிறதோ அங்கேதான் வாழைப்பழத் தோல்.

இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரோடு அதற்குப் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை. ரவுட்டர்தான் ஒவ்வொருவருக்கும் நம்பர் கொடுக்கும். கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் ரோஷப்பட்டுத் தானே ஒரு நம்பரை எழுதிக்கொள்ளும். ரேஷன் கார்டு கிடைக்காதவன் அட்டையில் தானே நம்பர் போட்டுக்கொண்ட மாதிரி. கடையில் அரிசி விழாது.

எங்கள் கேஸில் முகவரி ஒழுங்காகவே இருந்தது. மாடியிலிருந்து ரவுட்டருக்கு நூறு கல் எறிந்தோம். 96 திரும்பியது.

"பரவாயில்லையேடா, 96 மார்க்!"

"மாமா, வீட்டுக்குள்ள 25 மீட்டர்ல நாலு காணாமப் போகக்கூடாது. நூத்துக்கு நூறு வரணும். இருங்க, பெரிய கல்லா எறியறேன்."

சாதாரணமாக பிங் எறிவது பொடிக்கல், விண்டோசில் 32 பைட். வீடியோவில் ஓடுவதோ ஆயிரத்துச் சொச்சம் பைட் பாறாங்கல். அளவை 1,400 ஆக்கி நூறு எறிந்தான். 71தான் திரும்பியது.

அதே லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ஒரு மீட்டர் கேபிளில் போட்டு எறிந்தோம். சின்னதும் நூறு, பெரியதும் நூறு.

எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. "அப்போ நான் பாத்த காமெடி மட்டும் எப்படிடா ஓடிச்சு?"

"அது முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வெச்சுக்கும் மாமா. நடுவுல ஒரு துண்டு தொலைஞ்சா மறுபடி கேட்டு வாங்கி ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரியாது. நேர்ல பேசறப்போ அப்படி முடியாது. லேட்டா வந்த வார்த்தையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

வாஸ்தவம். இலை எடுத்த பிறகு வந்த பாயசம். அந்த வடிவேலு காமெடியை வைத்துத்தான் இவனுக்கு நான் தீர்ப்பு எழுதினேன்.

* * *

லேப்டாப் நிரபராதி. ரவுட்டரில் துளை மாற்றிச் சொருகிப் பார்த்தோம், அதுவும் நிரபராதி. இப்படி ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, 'சரியாயிடுச்சு' என்று சந்தோஷப்பட்டால் எது தப்பு என்று கடைசிவரை தெரியாது. மிச்சம் இருப்பது கேபிள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு டெஸ்டர் வைத்திருந்தார். இரண்டு முனையிலும் மாட்டினால் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும். எரிந்தது. எட்டும் பச்சை.

"கேபிள் பக்காவா இருக்கு சார். பையன்தான் ஏதோ..."

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். எல்லாரும் நிரபராதி என்றால் யார்தான் கொலை செய்தது?

அப்போது பக்கத்துத் தெருப் பெரியவர் ஓசிப் பேப்பர் படிக்க வந்தார். தொலைபேசி இலாகாவில் கேபிள் ஜாயின்டராக இருந்து ரிடையர் ஆனவர். குழிக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகளை ராத்திரி பகலாக இணைத்தவர். "என்ன தம்பி, வீட்ல பஞ்சாயத்தா?" என்றார். சொன்னோம். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ப்ளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்த ப்ளக் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே கம்பியின் கலர் தெரியும்.

"வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு. வெள்ளை-பச்சை, பச்சை. வெள்ளை-நீலம், நீலம். வெள்ளை-பிரவுன், பிரவுன். ரொம்ப அழகா அடுக்கியிருக்கு தம்பி."

எலெக்ட்ரீஷியன் முகம் மலர்ந்தது.

"அழகா இருக்கு. ஆனா தப்பா இருக்கு."

மலர்ந்தது சுருங்கியது.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கேபிளுக்குள் எட்டு கம்பி இல்லை சார், நாலு ஜோடி இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகும். கிரஹாம் பெல் 1881-லேயே இந்த முறுக்கலுக்குப் பேடன்ட் வாங்கினார். ஜோடியில் ஒரு கம்பி மேலே போனால் மற்றது கீழே போகும். ஒன்றில் என்ன சொல்கிறோமோ அதற்கு நேர் எதிரானது மற்றதில் போகும். மறுமுனையில் இருப்பவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கவனிப்பார். நடுவழியில் மோட்டார், ட்யூப்லைட், பக்கத்து ஜோடி என்று எது இரைச்சல் கொடுத்தாலும், முறுக்கிக்கொண்டு போவதால் இரண்டு கம்பிக்கும் ஏறக்குறைய சமமாகவே ஏறும். கழித்தால் பூஜ்யம். ஊரே வம்பு பேசினாலும் ஒற்றுமையான தம்பதிக்கு அது உறைக்காத மாதிரி.

இதில் எந்தத் துளைக்கு எது ஜோடி என்பதில்தான் சூட்சுமம். ஒன்றும் இரண்டும் ஜோடி. ஏழும் எட்டும் ஜோடி. ஆனால் மூன்றுக்கு ஜோடி நாலு இல்லை, ஆறு! நாலும் ஐந்தும் நடுவில் தனி ஜோடி.

"ஏன் ஐயா இப்படி ஒரு கிறுக்குத்தனம்?"

"கிறுக்குத்தனம் இல்ல தம்பி, மரியாதை. நடுவுல ரெண்டு கம்பி டெலிபோனுக்குன்னு பழைய வழக்கம். அந்த இடத்தை விட்டுட்டு, அடுத்தவன் அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமா உக்காந்திருக்கான்."

எங்கள் கேபிளில் என்ன ஆயிற்று? மூன்றில் வெள்ளை-பச்சை, ஆறில் நீலம். வேறு வேறு முறுக்கில் போகிற இரண்டு பேரை உட்காரவைத்து மாலை மாற்றியிருக்கிறோம். நாலு, ஐந்திலும் அதே கதை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம், பெண் மாறிவிட்டது. ஆரஞ்சும் பிரவுனும் மட்டும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

"டெஸ்டர்ல எட்டும் எரிஞ்சுதே?"

"உன் டெஸ்டர், ஒவ்வொருத்தனும் உயிரோட இருக்கானான்னு பாக்குது. யாரு யாரோட குடித்தனம் பண்றான்னு அதுக்குத் தெரியாது. எங்க காலத்துல இப்படி ஜோடி மாறினா, நீ உன் மாமனாரோட பேசறப்போ அடுத்த வீட்டுக்காரன் வட்டிக்கணக்கு காதுல விழும்."

ஆமாம், கேட்டிருக்கிறேன்! நான் அதை அந்தக் காலத்து இலவச பொழுதுபோக்கு என்றல்லவா நினைத்தேன்.

* * *

சரியான வரிசை இது. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும். ப்ளக்கின் கொக்கி கீழே, பித்தளை மேலே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது, ப்ளக்குக்குள் போகிற அளவு போதும்.

எலெக்ட்ரீஷியன் இரண்டு முனையையும் வெட்டிவிட்டு புது ப்ளக் மாட்டினார். செலவு, ஒரு காபி டிபனுக்கும் குறைவு. நேரம், கால் மணி. மாடிக்குப் போய் நூறு பாறாங்கல் எறிந்தோம். 98... 99... 100.

இன்னொன்றும் பையன் காட்டினான். நெட்வொர்க் விவரத்தில் அதுவரை வேகம் 100 என்று இருந்தது, இப்போது 1,000. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் தரப்படுத்திய 1,000-க்கு நாலு ஜோடியும் உழைத்தாக வேண்டும். ஆகவே உங்கள் ரவுட்டரும் லேப்டாப்பும் கிகாபிட் ரகமாக இருந்தும் 100 என்றே காட்டினால், ஏதோ ஒரு ஜோடி படுத்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

எல்லாருக்கும் சந்தோஷம். நான் உற்சாகத்தில் வாயை விட்டேன். "ஏம்பா, இதெல்லாம் தெரியாமலா ப்ளக் மாட்டினே? உன்னால பையனுக்கு வேலையே போயிருக்கும்!"

எலெக்ட்ரீஷியன் மெதுவாகச் சொன்னார். "சார், அன்னிக்கே நான் கேட்டேன். கடையில ப்ளக்கோட ரெடிமேடா முப்பது மீட்டர் இருக்கு, ஐநூறு ரூபா சேத்து ஆகும், வாங்கிடலாமான்னேன். வேணாம்னீங்க. அப்புறம், கலருக்கு ஏதோ வரிசை இருக்குன்னு சொல்லுவாங்க, யாரையாச்சும் கேக்கட்டுமான்னேன். 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும்யா, போடு'ன்னீங்க."

ஹாலில் அப்படி ஒரு நிசப்தம். ஃபேன் சத்தம் மட்டும். என் மனைவி என்னைப் பார்த்தாள். பெரியவர் பேப்பரில் மூழ்கினார்.

ஐநூறு ரூபாய் மிச்சம் பிடித்தது நான். பாதி தெரிந்ததை முழுசாகச் சொன்னது நான். பிறகு மாடியேறிப் போய் ஒரு பையனை, கவனம் இல்லாதவன், பொய் சொல்கிறவன் என்று திட்டியதும் நான்.

"ஸாரிடா மாப்ளே" என்றேன்.

"பரவால்ல மாமா" என்றான். அவன் அப்படிச் சட்டென்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ரெண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம்.

* * *

கதை முடியவில்லை. புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வீடு முழுக்க நெட் செத்தது. மாடி, ஹால், வைஃபை, டி.வி. எல்லாம். மறுநாள் டெமோ!

இந்தத் தடவை நான் யாரையும் திட்டவில்லை. நேராக ரவுட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். விளக்குகள் எல்லாம் சாமி வந்த மாதிரி ஒரே சமயத்தில் ஆடிக்கொண்டிருந்தன. பையன் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு எடுத்த ஒரு மீட்டர் கேபிளின் ஒரு முனையை ரவுட்டரிலேயே விட்டிருந்தோம். மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது. என் மாமியாருக்குத் தொங்குகிற வயர் ஆகாது. அவர் அதை அழகாகச் சுற்றி, அதே ரவுட்டரின் இன்னொரு துளையில் சொருகிவிட்டார்!

ஒரு வாயால் சொன்னது இன்னொரு காதுக்கே வந்து, அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி சொல்லி, அது மறுபடி காதுக்கு வந்து... கொஞ்ச நேரத்தில் வதந்தி ஊரை நிரப்பிவிடுகிறது, உண்மையான சேதிக்கு இடமே இல்லை. பெரிய நெட்வொர்க்குகளில் இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு வாங்கும் மலிவு டப்பாக்கள் பலவற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்களுடையதில் கிடையாது என்று மாமியார் நிரூபித்தார். ஒரு முனையைப் பிடுங்கியதும் சாமி மலையேறியது.

வியாழன் ராத்திரி ஒன்பது மணி. வீட்டில் ஊரடங்கு. டி.வி. இல்லை, சீரியல் இல்லை, மாமியார் ஹாலுக்கு வரத் தடை. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே சாத்திய கதவுக்குப் பின்னால் பையன் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு இடத்தில் குரல் நின்றது. எனக்கும் மூச்சு நின்றது. அவன் தண்ணீர் குடித்தானாம். 50 நிமிஷம். ஒரு தடவைகூட உடையவில்லை.

மறுநாள் அவன் டீம் லீடருக்கு ஒரு மெயில் எழுதினான். பழைய கணக்கு நூறுக்கு 71, புதுக் கணக்கு நூறுக்கு நூறு, இரண்டு படம், நாலு வரி. 'இதை முதலிலேயே அனுப்பியிருந்தால் அந்த லெட்டரே போயிருக்காது' என்று பதில் வந்தது. வேலை உடனே நிரந்தரமாகவில்லை, ப்ரொபேஷனை மூன்று மாசம் நீட்டியிருக்கிறார்கள். ஆனால் வேலை இருக்கிறது. கும்பகோணத்துக்கு போன் போட்டு அக்காவிடம் சொன்னபோது தையல் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆகவே வாசக சகோதரர்களே, 'நெட் போச்சு' என்று வெறுமனே சொல்லாதீர்கள், பாட்டி கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எத்தனை எறிந்தோம், எத்தனை திரும்பியது என்று கணக்கோடு சொல்லுங்கள். அதே வார்த்தையை உங்களிடம் யாராவது வந்து சொன்னால், முதலில் ப்ளக்கைப் பாருங்கள். ஆளைப் பார்ப்பது அப்புறம்.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. ஐநூறு ரூபா மிச்சம் பிடிச்சீங்களே, அது எங்கே?" என்றாள்.

நெட் போச்சு என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.